பத்து நாள் இலவசத் தொழில் பயிற்சி: சோறு சுமார், காகிதப் படகு பிரமாதம்

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. நாலு கொடுக்கத்தான் கை போனது, பாங்க் கடன் வகுப்பு ஞாபகம் வந்ததும் அரை மார்க்கைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

நான் போனது ஆர்செட்டி என்று எல்லோரும் சொல்கிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் ஒன்று. மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஏதாவது ஒரு வங்கி எடுத்து நடத்தும். எந்த மாவட்டம், எந்த வங்கி என்று எழுதப்போவதில்லை, அங்கே இருப்பவர்கள் நல்ல மனிதர்கள், நான் சொல்லப்போகிற குறைகளில் பாதி அவர்கள் கையிலும் இல்லை. நான் சேர்ந்தது அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி தயாரிப்பு. 10 நாள். பயிற்சிக்கும் காசு கிடையாது, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காசு கிடையாது. இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் "சும்மா எவன் சோறு போடுவான், கடைசியில ஏதாவது பாலிசி தலையில கட்டுவாங்க" என்றார். யாரும் எதையும் கட்டவில்லை. இந்த முறை 1982-ல் கர்நாடகத்தில் தர்மஸ்தலா பக்கத்து உஜிரேயில், தர்மஸ்தலாக்காரர்களும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து ஆரம்பித்தது. அது நன்றாக ஓடுவதைப் பார்த்துத்தான் பிறகு மத்திய அரசு நாடு முழுக்கக் கொண்டுபோனது.

நான் ஏன் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த விமர்சனமே புரியாது. நூல் வியாபாரம் செய்யும் ஓர் ஆபீஸில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மதியம் டப்பாவைத் திறந்தால் சாம்பார் வாசனைக்குப் பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், "அக்கா, பொடி கொஞ்சம் கொண்டுவாங்க" என்று ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் ஆறு வீட்டுக்கு நான்தான் பொடி. காசு வாங்கவில்லை, கேட்கக் கூச்சம். "விக்கலாமே" என்று சொல்லாத ஆளே இல்லை. ஆனால் விற்பது என்ற சொல்லுக்கே எங்கள் வீட்டில் ஒரு சரித்திரம் இருக்கிறது. என் அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார். நான் எட்டாவது படிக்கும்போது கடையை மூடினார். அம்மாவின் கொடி அடகுக்குப் போனதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அப்பா பின்கட்டுக்குப் போய்விடுவதும், "அப்பா ஊர்ல இல்லைன்னு சொல்லு" என்று என்னை அனுப்பியதும் இன்னும் அப்படியே இருக்கின்றன. வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வியாபாரம் ரத்தத்தில் ஊறியிருக்கும் என்பார்கள். ஊறியிருக்கலாம். கூடவே அந்தச் செருப்புச் சத்தமும் ஊறியிருக்குமே.

கிளம்புவதற்கு முந்தின வாரம் சித்தி பெண் வந்தாள். எம்.பி.ஏ. கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு எடுத்த தலைப்பே மனிதர்களுக்குத் தொழில் தொடங்கும் எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். "அக்கா, நீங்க போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வந்தப்புறம் ஒரு தடவை இதை நிரப்பித் தாங்க" என்று ஒரு கேள்வித்தாளைக் கையில் திணித்தாள். ஒவ்வொரு வரிக்கும் 1-லிருந்து 7 வரை ஒரு எண்ணைச் சுழிக்க வேண்டும். கேள்விகள் மூன்று கட்டாக இருந்தன. சொந்தத் தொழில் எனக்குப் பிடிக்குமா, அதில் லாபம் அதிகமா சங்கடம் அதிகமா என்பது ஒரு கட்டு. நான் தொழில் தொடங்கினால் வீட்டார், நண்பர்கள், கூட வேலை செய்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது இரண்டாவது. என்னால் முடியுமா, நடைமுறை விவரமெல்லாம் தெரியுமா என்பது மூன்றாவது. இந்த மூன்று கட்டும் ஐசெக் அஜ்சென் என்ற உளவியல்காரர் 1991-ல் விரிவாக எழுதிவைத்த கணக்காம். பிடித்திருக்கிறதா, சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்கிறார்களா, நம் கைக்கு எட்டுமா, இந்த மூன்றும் சேர்ந்துதான் எண்ணம், அந்த எண்ணத்திலிருந்துதான் செயல் என்கிறார். நான் நிரப்பியது முதல் கட்டு 6, இரண்டாவது 2, மூன்றாவது 3. அந்த 2-ஐச் சுழிக்கும்போது அப்பா எதிரில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சரி, நிலையத்துக்கு வருவோம்.

எங்கள் குழுவுக்கு 35 இடம், வந்தது 33 பேர். பெண்கள்தான் அதிகம். முதல் நாள் எல்லோரும் எழுந்து நின்று ஏன் வந்தோம் என்று சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டே வந்தபோது ஒன்று உறைத்தது. கனவு, லட்சியம் என்று வந்தவர்கள் இரண்டோ மூன்றோ பேர்தான். மற்றவர்களை ஏதோ ஒன்று பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. மில் மூடி வேலை போனவர், வீட்டுக்காரர் இறந்து இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறவர், துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த அண்ணன், இடுப்பு வலியில் தையல் மெஷினில் உட்கார முடியாமல் போனவர். இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று சித்தி பெண் பிறகு சொன்னாள், ஆல்பர்ட் ஷாபெரோ என்பவர் 1982 வாக்கிலேயே இதை எழுதியிருக்கிறாராம். மனிதன் ஓடுகிற தடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பான், ஏதாவது ஒரு அடி விழுந்து தடம் புரளும்போதுதான் வேறு வழி பார்ப்பான், அந்த நேரத்தில் தொழில் ஆசையாகவும் தெரிந்து ஆகக்கூடியதாகவும் தெரிந்தால்தான் அந்தப் பக்கம் திரும்புவான் என்று. என்னை யாரும் தள்ளவில்லை, சம்பளம் ஒன்றாம் தேதி வந்துகொண்டிருக்கிறது. அந்த வட்டத்தில் நின்றபோது அதுவே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

காலை ஆறரைக்கு யோகா, அப்புறம் வளாகத்தைக் கூட்டிப் பெருக்குவது, பிரார்த்தனை, டிபன், வகுப்பு. தினமும் வகுப்பு 'மில்லி'யோடுதான் தொடங்கும். நேற்றுக் கற்றதில் முக்கியமான ஒன்றை ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும், அதற்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். முதல் நாள் சார் "நாளைக்கு யார் மில்லி?" என்று கேட்டதும் பின்வரிசைத் தம்பிகள் சிரித்த சிரிப்பில் வகுப்பே குலுங்கியது. ஒருவன் "கட்டிங்கா சார், குவார்ட்டரா" என்று கேட்டேவிட்டான். இந்தப் பெயரை வைத்தவர்களுக்குத் தமிழ்நாடு ஞாபகத்தில் இல்லை போல. ஆனால் விஷயம் நல்ல விஷயம். வாயைத் திறக்காத பெண்கள் ஐந்தாம் நாள் கைதூக்கிப் பேசினார்கள்.

இப்போது படகு. பத்து நாளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். காகிதத்தில் கப்பல் செய்வோமே, அதேதான். சார்தான் மொத்த வியாபாரி, சார்தான் வாடிக்கையாளரும். ஒரு தாள் 2 ரூபாய்க்கு அவரிடம் வாங்க வேண்டும், ஒழுங்காக மடித்த படகை 5 ரூபாய்க்கு அவர் திரும்ப வாங்குவார், மூலை கோணலாக இருந்தால் தள்ளுபடி, மிச்சத் தாளைத் திரும்ப எடுக்க மாட்டார். எல்லாம் விளையாட்டுக் காசு. நேரம் ஐந்து நிமிடம். ஆரம்பிக்கும் முன்பே எத்தனை செய்யப்போகிறாய் என்று சொல்லி அத்தனை தாளை வாங்கிவிட வேண்டும். நான் கணக்குப் பிள்ளை ஆயிற்றே, மனசுக்குள் நிமிடத்துக்கு இரண்டு என்று போட்டு "பத்து" என்றேன். செய்தது ஆறு. தேறியது மூன்று. 20 ரூபாய் போட்டு 15 ரூபாய் எடுத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மில் அக்கா "மூணு போதும் சார்" என்று மூன்று தாள் வாங்கி, மூன்றையும் இஸ்திரி போட்டது போல மடித்துக் கொடுத்து 9 ரூபாய் லாபத்தோடு கைகட்டி உட்கார்ந்துவிட்டார். சார் என்னைத் திட்டவில்லை. "என்னம்மா, பத்துன்னு எதை வெச்சுச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. கடைசியாக நான் காகிதக் கப்பல் செய்தது என் பையன் சின்னக் குழந்தையாக இருந்தபோது. அந்த அக்காவிடம் திரும்பி, "உங்களுக்கு இன்னும் ரெண்டரை நிமிஷம் மிச்சம் இருந்துச்சே, ஏன் மூணோட நிறுத்திட்டீங்க?" என்றார். அக்காவிடமும் பதில் இல்லை.

இரண்டாம் சுற்றில் நான் ஆறு என்றேன், அக்கா ஆறு என்றார். எனக்கு ஐந்து தேறியது, அக்காவுக்கு ஆறும். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அந்த நாள் சாயங்காலம் வரை "ஆறும் எடுத்துக்கிட்டாரு, ஆறும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னால் முடியும் என்ற எண்ணம் சொற்பொழிவு கேட்டு வருவதில்லை. சின்னதாக ஒன்றைச் செய்து, தோற்று, எங்கே தோற்றோம் என்று தெரிந்துகொண்டு, அதையே மறுபடி செய்து ஜெயிக்கும்போது வருகிறது. அதை ஐந்து நிமிடத்தில், இரண்டு ரூபாய்த் தாளில் செய்து காட்டிவிட்டார்கள்.

வளையம் எறிவதும் அப்படித்தான். நாலு வளையத்தை ஒரு கட்டையில் விழும்படி எந்தத் தூரத்திலிருந்து வேண்டுமானாலும் எறியலாம், தூரம் கூடக்கூட மார்க் கூடும். தம்பிகள் சுவர் ஓரம் போய் நின்று நாலையும் கோட்டைவிட்டார்கள், ஓர் அம்மா கட்டைமேல் முட்டிக்கொண்டு நின்று நாலையும் போட்டுவிட்டு வெற்றிச் சிரிப்பு சிரித்தார். எட்டும் எட்டாது என்கிற நடுத் தூரத்தில் நிற்பவனுக்குத்தான் சாதிக்கும் வேகம் அதிகம் என்பது டேவிட் மெக்லிலாண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சொன்னது. அவர் 1960-களின் நடுவில் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளைக் கூட்டி ஹைதராபாத்தில் வைத்து இப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தவர், இந்த வேகம் பிறவியில் வருவதல்ல, பெரியவர்களுக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்பது அவர் கட்சி. அறுபது வருடம் ஆகியும் அந்த வளையம் நம் ஊர்ப் பயிற்சி மையங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது கோபுரம் கட்டுவது. ஒருவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்வார்கள், பக்கத்தில் இரண்டு பேர் வாயால் வழி சொல்லலாம், கை படக் கூடாது. நான் கண்ணைக் கட்டிக்கொண்டேன். ஒன்பது கட்டை வரை போனது. இடது காதில் ஒரு குரல் "கொஞ்சம் வலது, கொஞ்சம் வலது, ஆங், வைங்க" என்றது. வலது காதில் இன்னொரு குரல் "போதும்க்கா, விழுந்துரும், போதும்க்கா" என்றது. பத்தாவது கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கியது. வைக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் கோபுரம் நேராகத்தான் நின்றது, இன்னும் மூன்று தாராளமாக வைத்திருக்கலாம்.

சார் இதற்குச் சொன்ன விளக்கம் இலக்கு நிர்ணயம், குழுவாக உழைப்பது, அது இது. அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஐயா, அந்த "போதும்க்கா, விழுந்துரும்" என்ற குரலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்க வேண்டாமா? அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தக் குரல் இருக்கிறது. அது கெட்ட குரலும் இல்லை, நம்மேல் அக்கறை உள்ள குரல்தான். மாமியார், அண்ணன், வீட்டுக்காரர், அப்பா. கால் காசானாலும் கவர்மெண்டு காசு என்று வளர்ந்த ஊர் இது. பெண் பார்க்க வரும்போது பையன் சொந்தமாகத் தொழில் செய்கிறான் என்றால் "அப்போ வேலை?" என்று கேட்கிற ஊர். பெண்ணே தொழில் செய்கிறாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

சித்தி பெண்ணின் கேள்வித்தாளுக்கு மூலம் 2009-ல் ஸ்பெயின், தைவான் மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வாம். அதில் இந்த இரண்டாவது கட்டு, அதாவது சுற்றியிருப்பவர்கள் நினைப்பு, எண்ணத்தை நேராகத் தொடுவது குறைவு, மற்ற இரண்டின் வழியாகச் சுற்றி வந்துதான் தொடுகிறது என்று வந்ததாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு அந்த முடிவை எழுதியிருக்கலாம் என்றேன். பிறகு யோசித்தால் அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அப்பா ஒரு நாளும் என்னைச் செய்யாதே என்று சொன்னதில்லை. "உனக்கு அந்தச் சாமர்த்தியம் வராதும்மா, நீ என்னை மாதிரி" என்றுதான் சொல்வார். தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கை வைத்தது மூன்றாவது கட்டின்மேல், என்னால் முடியுமா என்பதன்மேல்.

செய்முறை வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே இருந்தது. ஊறுகாய்க்கு உப்புக் கணக்கு, அப்பள மாவுப் பதம், பொடிக்கு மல்லியையும் மிளகாயையும் தனித்தனியாக வறுப்பது, ஆறாமல் பாக்கெட் போட்டால் வேர்த்துக் கட்டிபிடிப்பது. வீட்டில் செய்கிறவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். ஆனால் விலை போடும் வகுப்பு அருமை. ஒரு கிலோ சாம்பார் பொடிக்கு என்ன செலவு என்று எழுதச் சொன்னார்கள். எல்லோரும் மல்லி, மிளகாய், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, வெந்தயம், மஞ்சள், பெருங்காயம் என்று எழுதிக் கூட்டிக் கொடுத்தோம். கேஸை எழுதியது நாலு பேர். அரவை மில் கூலியை எழுதியது ஏழு பேர். வறுத்து அரைத்துச் சலித்தால் கிலோவுக்குக் கொஞ்சம் குறையும் என்று எழுதியது நான் ஒருத்தி, சும்மா சொல்லக் கூடாது, அப்போது காலர் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. தன் கூலியை எழுதியது யார் தெரியுமா? ஒருவரும் இல்லை. நானும் இல்லை. 11 வருடம் ஊரார் கணக்கை எழுதியவள், அடுப்படியில் நிற்கிற என் நேரத்துக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. சார் போர்டில் அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் நாங்கள் போட்டிருந்த விலை எல்லாம் நஷ்டத்துக்குப் போய்விட்டது.

உணவுப் பாதுகாப்புப் பதிவையும் தெளிவாகச் சொன்னார்கள். அப்போது சின்ன அளவில், ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கு வெறும் பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய் என்றதும் பல பேர் ஆச்சரியப்பட்டார்கள், அதற்கு 10,000 கேட்ட புரோக்கரை நம்பி அலைந்தவர் ஒருவர் அங்கேயே இருந்தார். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுக்கு ஒரு பைசா கிடையாது. பாக்கெட்டில் எடை, தேதி, விலை, பதிவு எண் இல்லாமல் விற்றால் என்ன ஆகும் என்பதும் சொன்னார்கள்.

இப்போது குறை. ஆறாம் நாள் கடன் திட்டங்கள் வகுப்பு. ஆங்கில ஸ்லைடைத் திரையில் போட்டு அப்படியே வாசித்தார்கள். அதிலும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவின் உச்சவரம்பு 25 லட்சம் என்று இருந்தது. அது 2022-லேயே 50 லட்சமாகிவிட்டது, சேவைத் தொழிலுக்கு 10-ஆக இருந்தது 20 ஆகிவிட்டது. கையில் இருந்த போனில் தேடிப் பார்த்து நான்தான் எழுந்து சொன்னேன். "ஓ, மாத்தணும்" என்றார்கள். சரி, அது கூடப் பெரிதில்லை. கிராமத்துப் பெண்களுக்கு அந்தத் திட்டத்தில் 35 சதவீத மானியம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார்களே, அங்கேதான் அரை மார்க் போனது. மானியம் கையில் வராது. வங்கியிலேயே உங்கள் பெயரில் மூன்று வருடம் டெபாசிட்டாகப் பூட்டி இருக்கும், அந்தப் பணத்துக்கு வட்டி தர மாட்டார்கள், கடனில் அந்த அளவுக்கு வட்டி போடவும் மாட்டார்கள், தொழில் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூன்று வருடம் கழித்துக் கடனில் கழிப்பார்கள். இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. டீ நேரத்தில் இன்னொரு பயிற்சியாளர் போகிற போக்கில் சொன்னார். என்னோடு நின்ற நாலைந்து பேர் முகம் தொங்கிப்போனது. அதில் ஒருவர், பேரைச் சொல்ல மாட்டேன், மானியத்தை வாங்கிப் பழைய கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்தவர். அன்று ராத்திரியே பையைக் கட்டிவிட்டார்.

வங்கி மேலாளர் ஒருவர் வந்தார், முக்கால் மணி நேரம் தாமதமாக. சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று பார்த்துப் போடுகிற மார்க், அந்தச் சொல்லை மட்டும் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். சுய உதவிக் குழுவில் பத்து வருடம் தவணை தவறாமல் கட்டிய பெண்களிடம் வந்து கடனை ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்று பாடம் நடத்துவது எப்படி இருந்தது என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

ஊக்கம் தரும் கதைகள் என்று ஒரு வகுப்பு. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்த கதை, 1983-ல் 15,000 ரூபாயோடு ஷாம்பூ வியாபாரம் தொடங்கிய சி.கே. ரங்கநாதன் கதை. நல்ல கதைகள்தான். எல்லோரும் கை தட்டினோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஆனால் எட்டாம் நாள் ஓர் அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். நாலு வருடத்துக்கு முன் இதே கட்டிடத்தில் இதே பயிற்சி முடித்தவர். பையில் ஆறு பாட்டில் ஊறுகாய். மேடையில் நிற்கவில்லை, எங்களோடு தரையில் உட்கார்ந்தார். முதல் தடவை போட்ட ஆறு கிலோ மாங்காய் ஊறுகாய் பூசணம் பூத்து மொத்தமும் குப்பைக்குப் போனது, 1,800 ரூபாய் நஷ்டம், ராத்திரி யாருக்கும் தெரியாமல் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன், மாமியாருக்கு இன்று வரை தெரியாது என்றார். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். அப்புறம் சரமாரியாகக் கேள்வி. பாட்டில் எங்கே வாங்குறீங்க, கடைக்காரர் காசு எத்தனை நாளில் தருவார், வீட்டுக்காரர் என்ன சொன்னார், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க. ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அவருடைய ஊர் என் அம்மா வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அப்போது வந்த முதல் எண்ணம் அவ்வளவு உயர்ந்ததல்ல: இவங்களாலேயே முடியுதுன்னா என்னால முடியாதா? பத்தாவது ஃபெயில், கணக்கு நோட்டு கூட இல்லை, ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் பில்லைச் சுருட்டி வைத்திருக்கிறார், மாதம் 40 கிலோ விற்கிறார். நிலையத்துக்காரர்கள் இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். எட்டாம் நாள் வேண்டாம், அவரை இரண்டாம் நாளே கூப்பிடுங்கள்.

சாப்பாடு சுமார். சாம்பாரில் பொடி வாசனையே இல்லை, மசாலாப் பொடி சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இது கொஞ்சம் அநியாயம். கொசு உண்டு. கழிவறை சுத்தம், அதற்குத் தனியாக ஒரு மார்க் கொடுக்கலாம்.

கடைசி நாள் 29 பேர் சான்றிதழ் வாங்கினோம். துபாய் அண்ணன் வாங்கும்போதே சொல்லிவிட்டார், நான் தொழில் செய்யப்போவதில்லை என்று. விலை போடும் வகுப்பில் தன் திட்டத்தைத் தானே போட்டுப் பார்த்திருக்கிறார், தேறவில்லை, பஸ் ஓட்டப் போகிறேன் என்றார். இதைத் தோல்வி என்று நிலையத்துப் பேரேட்டில் எழுதுவார்களாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெதர்லாந்தில் மாணவர்களுக்குச் சிறு கம்பெனி நடத்தக் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சியை அளந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக்குப் பிறகு தொழில் தொடங்கும் எண்ணம் கூடவில்லை, குறைந்தது என்று வந்ததாம். தெரியாமல் இருந்தபோது சுலபமாகத் தெரிந்தது, தெரிந்ததும் சிலர் வேண்டாம் என்கிறார்கள். ஊரில் உள்ள சேமிப்பை எல்லாம் கொட்டிக் கடை வைத்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, அரசாங்கச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பத்து நாளில் தெரிந்துகொள்வது மலிவுதானே. என் அப்பாவுக்கு 1998-ல் யாராவது அந்தச் செலவு அட்டவணையைப் போட்டுக் காட்டியிருந்தால் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டேன்.

வந்தபிறகு கேள்வித்தாளை மறுபடி நிரப்பினேன். முதல் கட்டு 6, அப்படியே. மூன்றாவது 3-லிருந்து 5. இரண்டாவது 2, அதே 2. சித்தி பெண் "என்னக்கா, ஒண்ணுலதான் மாத்தம் வந்திருக்கு" என்று சலித்துக்கொண்டாள். பத்து நாளும் என்னைத்தானே உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்கள், வீட்டில் இருக்கிறவர்களை யாரும் கூப்பிடவில்லையே. கடைசி நாள் அரை நாளாவது குடும்பத்தாரை வரச்சொல்லி, அந்த ஊறுகாய் அக்காவின் வீட்டுக்காரரை எங்கள் வீட்டுக்காரர்களோடு பேசவிட்டால், சோறு இன்னும் மோசமாக இருந்தாலும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

வேலையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வறுக்கிறேன், திங்கள் காலையில் மில்லில் அரைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறேன். போன மாதம் 14 கிலோ. என் கூலியையும் சேர்த்துத்தான் விலை, ஆபீஸ் ஆறு வீட்டில் இரண்டு வீடு விலையைக் கேட்டதும் நின்றுவிட்டது, பரவாயில்லை. நிலையத்திலிருந்து இரண்டு வருடம் தொடர்பில் இருப்பார்கள் என்று சொன்னார்கள், இதுவரை இரண்டு போன் வந்தது, இரண்டிலும் கேட்ட முதல் கேள்வி "லோன் வாங்கிட்டீங்களா?" இல்லை என்றால் அந்தப் பக்கம் உற்சாகம் குறைந்துவிடுகிறது. அப்பா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் போன வாரம் லேபிளைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "கால் கிலோவைவிட நூறு கிராம்தான் ஓடும், சின்னப் பாக்கெட் போடு" என்றார். போட்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் நகல் இரண்டு செட், போட்டோ நாலு, ஒரு பெட்ஷீட், கொசுவத்தி. அடுத்த குழு எப்போது என்று போனில் கேட்டால் சரியாகப் பதில் வராது, நேரில் போய்விடுங்கள், மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை மட்டும் போகாதீர்கள், ஆள் இருக்க மாட்டார்கள்.